முகமும் சூழலும்: சப்ரகமுவத் தோட்டங்களில் ஆளறிதலின் வரலாறு

மனிதன் மனிதனை முகத்தால் அறிகின்றான் என்பது எவரும் மறுக்காத கூற்று. அயலாரை 'முகந்தெரியாதவர்' என்றும், உறவு கொண்டாடுதலை 'முகங்கொடுத்தல்' என்றும், உறவு முறிதலை 'முகத்தில் விழியாமை' என்றும் வழங்குவது தமிழ் மரபு. ஆயின் முகமானது தானே தனித்து நின்று ஒருவனை இன்னான் என்று அறிவிக்கின்றதா, அன்றி அது தோன்றும் இடமும், உடுத்த உடையும், செய்யும் தொழிலும், உடன் நிற்போரும் கூடியே அவனை அறிவிக்கின்றனவா என வினவின் விடை அத்துணை எளிதன்று. உளநூலார் இவ்வினாவை ஆய்கூடத்தில் வைத்து ஆராய்ந்துள்ளனர். ஈழத்தின் சப்ரகமுவ மாகாணத்திலோ அதே வினா தோட்டக் கணக்கேட்டிலும், குடிசன மதிப்பீட்டிலும், நீதிமன்றத்திலும், ஈற்றில் கலகக்காரர் நின்ற தெருவிலும் எழுந்தது. அவ்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டையோர் இவ்வினாவை அறியாதவர் அல்லர். காளிதாசன் இயற்றிய சாகுந்தலத்தின் முழுப்பெயரிலேயே 'அபிஞ்ஞானம்', அதாவது அடையாளத்தால் அறிதல், என்னும் சொல் உளது. காட்டில் மணந்த பெண்ணை அரசவையிற் கண்ட துஷ்யந்தன் அறிந்திலன். அவளை அவனுக்கு நினைவூட்டியது முகமன்று, மோதிரம். அதற்குச் சாபத்தைக் காரணம் காட்டுவான் கவி. இலங்கையிற் சிறையிருந்த சீதைக்கும் அநுமனை நம்புதற்குக் கணையாழி வேண்டியிருந்தது. உருமாறி வாகுகனாய் நின்ற நளனைத் தமயந்தி ஐயுற்றுத் தெளிந்ததோ அவன் சமைத்த உணவின் சுவையினால். தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் நகை முதலிய எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன் வகுக்கின்றது. மெய்யில் தோன்றும் குறியை அது தோன்றுதற்குரிய களனோடு சேர்த்தே கொள்ளல் வேண்டும் என்பது அந்நூலார் கருத்துப் போலும்.

இனி, சப்ரகமுவத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். 1889ஆம் ஆண்டு தனி மாகாணமாக வகுக்கப்பட்ட சப்ரகமுவம் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களை உடையது. மத்திய மலைநாட்டின் மேற்கும் தென்மேற்கும் சரிந்து, களனி, களு என்னும் ஆறுகளின் பள்ளத்தாக்குகளில் இறங்கும் நிலம் இது. நுவரெலியா போன்ற உயர்மலைப் பகுதிகளில் தேயிலைத் தோட்டங்கள் ஒன்றையொன்று அடுத்துப் பல கல் தொலைவுக்குப் பரந்து கிடத்தலின், அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தம்மவர் நடுவிலேயே பிறந்து, தம்மவர் நடுவிலேயே மடிந்தனர். சப்ரகமுவத்தில் நிலைமை வேறு. யட்டியாந்தோட்டை, தெகியோவிட்டை, தெரணியகலை, புளத்கொகுப்பிட்டிய முதலிய கேகாலைப் பகுதிகளிலும், பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை முதலிய இரத்தினபுரிப் பகுதிகளிலும் தோட்டமும் சிங்களக் கிராமமும் துணியில் ஊடும் பாவும்போற் பின்னிக் கிடக்கின்றன. 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைக்கு அனுப்பப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்கள் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இச்சரிவுகளை நிறைத்தன. களனிப் பள்ளத்தாக்குச் சிறு இரயிற் பாதை 1902இல் அவிசாவளையையும், 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஓப்பநாயக்கையையும் அடைந்தது. இறப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரோடு அயற்கிராமத்துச் சிங்களரும் கூலிக்கு வந்து பால் வெட்டினர். ஒரே மலைச்சரிவில் இரு மொழியார் ஒரே கத்தியைப் பிடித்து நின்ற இடம் இது. ஆதலின் இவர் யார், அவர் யார் என்னும் வினா உயர்மலையினும் இங்கு முன்னதாகவே எழுந்தது.

தோட்டத்துக்கு வந்த தமிழரை முதலில் முகத்தால் அறிந்தவன் கங்காணி. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய இடங்களில் தன் ஊராரையும் உறவினரையும் சாதியாரையும் திரட்டி வந்தவன் அவனே ஆதலின், ஒவ்வொருவருடைய தந்தை யார், தாய்மாமன் யார், யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவன் கண்ணில் முகம் என்பது ஒரு குடும்பத்தின் கதை. அவ்வறிவே அவன் முதலும் ஆயிற்று. அவன் ஆட்கள் வேலைக்கு நின்ற நாள்தோறும் தலைக்கு இவ்வளவு என அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. தன் ஆளைப் பிறன் ஆளிலிருந்து பிரித்தறியும் கண் அவனுக்கு வருவாயுள்ள கண். இதனைக் கூறுவது கங்காணியைப் புகழ்தற்கு அன்று. ஆளை நன்கறிந்தவனே ஆளை நன்கு கட்டவும் வல்லன் என்பதைக் கடன்சுமையால் ஊர் திரும்பமாட்டாது மடிந்த தலைமுறைகள் அறியும்.

துரைக்கு அவ்வறிவு இல்லை. அவர் அறிந்தது சீட்டை. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற விரும்பியவர், இவ்வளவு கடன் தீர்ந்தால் இவரை விடுவிப்போம் என்று துரை எழுதிய 'துண்டு' என்னும் தாளைக் கொண்டே மாறலாம். 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அத்துண்டே தொழிலாளியின் முகமாய் இருந்தது. 1901ஆம் ஆண்டளவில் தகரச் சீட்டு முறையும் வந்தது. தோட்டத்தின் குறியும் ஆளின் எண்ணும் பொறித்த சிறு தகர வில்லை அது. தமிழகத்திற் புறப்படும்போது கழுத்திலோ கையிலோ கட்டப்பட்ட அவ்வில்லையைக் கண்டு, வழிநெடுக இருந்த அலுவலர் இன்ன தோட்டத்துக்குரிய ஆள் இவர் என்று அறிந்து, உணவும் பயணமும் அளித்து, செலவைத் தோட்டத்தின் கணக்கில் ஏற்றினர். 1904இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழில் ஆணையகம் அமைந்த பின்னரும், மண்டபம் முகாமின் வழியாகத் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தும் அலுவலர் நோக்கியது வில்லையையே. அதற்கு மேலே இருந்த முகத்தை நோக்குதற்குத் தேவை இருந்ததில்லை. துஷ்யந்தனுக்கு மோதிரம் எத்தகையதோ தோட்டத்துக்குத் தகர வில்லை அத்தகையது. ஒரு வேறுபாடு உண்டு: மோதிரம் இழந்தவள் காட்டுக்குத் திரும்பலாம், வில்லை இழந்தவர் எங்குத் திரும்புவர்?

தோட்டத்துள் வில்லையின் இடத்தைச் செக்ரோல் என்னும் பெயரேடு பெற்றது. விடியுமுன் தப்பு முழங்கத் தொழிலாளர் பிரட்டுக்களத்திற் கூடுவர். கணக்கப்பிள்ளை பெயர் வாசித்து வேலை பகிர்வார். இராமசாமிகளும் முத்தையாக்களும் இலட்சுமிகளும் பலராய் இருந்தமையின் எண்ணே ஆளைப் பிரித்தது. தோட்ட வழக்கில் ஒரு நாட் கூலிக்குப் 'பேர்' என்றே பெயர். வேலை குறைந்தால் 'அரைப்பேர்' விழும். பெயர் என்பது ஆளைக் குறித்தல் நீங்கி நாட்கூலியின் அளவையாக மாறியதைக் காட்டும் இச்சொல்லை விட இத்தோட்ட வாழ்வை விளக்கும் சான்று பிறிதொன்று தேவையில்லை. புதிதாக வந்த சின்னத்துரைமார் தமிழ் பயிலுதற்கென எழுந்த கைந்நூல் ஒன்றின் பெயர் 'இங்கே வா' என்பது. பெயர் சொல்லி அழையாமலே ஆளை வரவழைக்கும் வாய்பாடு அது.

துரைமார் முகத்தை நம்பாது எண்ணை நம்பியது செருக்கினால் மட்டும் அன்று என்பதை உளநூல் விளக்குகின்றது. 1914இல் குஸ்தாவ் ஃபைன்கோல்ட் என்னும் அமெரிக்கர், ஆட்களை அறிதலில் சூழல் பெறும் பங்கைப் பற்றிக் குற்றவியல் இதழொன்றில் எழுதினார். பழக்கமில்லாத அமெரிக்கனுக்கு ஆசிய மக்கள் எல்லாரும் ஒரே முகத்தினராய்த் தோன்றுவர்; ஆசியருக்கு வெள்ளையர் எல்லாரும் அவ்வாறே தோன்றுவர் என்பது அவர் கண்ட முடிவு. 1969இல் மல்பாஸ், கிராவிட்ஸ் என்னும் இருவர் வெள்ளை மாணவரையும் கறுப்பு மாணவரையும் கொண்டு இதனைச் சோதித்து, ஒவ்வொருவரும் தம்மினத்து முகங்களையே செவ்வனே நினைவுகூர்கின்றனர் எனக் காட்டினர். கண்ணின் குறை அன்று இது; பழக்கத்தின் குறை. இளமையிலிருந்து எம்முகங்களிடையே ஒருவர் வளர்கின்றாரோ அம்முகங்களின் நுண்ணிய வேறுபாட்டிற்கே அவர் மூளை பழகுகின்றது.

இக்கருத்துக்கு இன்னும் தெளிவான சான்று 2011இல் பிரித்தானியாவில் கிடைத்தது. ஜென்கின்ஸ் என்பாரும் உடனாய்ந்தோரும் ஒல்லாந்து நாட்டிற் புகழ்பெற்ற இரு பெண்களின் படங்களை, ஆளுக்கு 20 ஆக, மொத்தம் 40 படங்களைக் கலந்து கொடுத்து, ஆள்வாரியாகப் பிரித்துக் குவிக்கப் பணித்தனர். அப்பெண்களை அறியாத பிரித்தானியர் அப்படங்களில் பலர் இருப்பதாகக் கருதிப் பல குவியல்கள் ஆக்கினர். அப்பெண்களை அறிந்த ஒல்லாந்தரோ எளிதாக இரண்டே குவியல் ஆக்கினர். ஒளி மாறினும், வயது மாறினும், தலைமுடி மாறினும் அறிந்த முகம் ஒன்றாகவே இருக்கும். அறியாத முகமோ படத்துக்குப் படம் வேறாகும். கங்காணிக்கும் துரைக்கும் இடையே இருந்த வேறுபாடும் இதுவே.

மூளையிற் பொட்டுமடலின் அடிப்புறத்தே, வலப்பாதியிற் சிறப்பாக, முகங்களைக் கண்டவழி விழிப்புறும் பகுதியொன்று உளது. 1997இல் நான்சி கன்விஷரும் அவர் குழுவினரும் இதனைப் படம்பிடித்துக் காட்டினர். அதற்கு 50 ஆண்டுகட்கு முன்னரே, 1947இல், யோவாகிம் போதமர் என்னும் செருமானிய மருத்துவர், தலையிற் புண்பட்ட போர்வீரரிடையே முகமறியாமை என்னும் நோயைக் கண்டு விளக்கியிருந்தார். அந்நோயுற்றவர் கண், மூக்கு, வாய் என்பவற்றைத் தனித்தனியே காண்பர். ஆயின் இன்னார் என்று அறியார். குரல் கேட்டோ, நடை கண்டோ, உடை கண்டோ அறிவர். அதாவது, முகம் கைவிட்டவிடத்துச் சூழல் கைகொடுக்கும்.

நோயற்றவர்க்கும் இஃது ஒக்கும். 1980இல் ஜார்ஜ் மாண்ட்லர் என்னும் உளநூலார் பேருந்திற் கண்ட இறைச்சிக்கடைக்காரரை உவமையாகக் காட்டினார். நாள்தோறும் கடையிற் கண்டு பேசும் ஒருவரை வேறோர் இடத்திற் கண்டால், இம்முகம் அறிந்த முகம் என்பது உடனே தோன்றும். யார் என்பதோ தோன்றாது. முகத்தை அறிதல் ஒன்று; ஆளை அறிதல் மற்றொன்று. முன்னதை முகம் தரும், பின்னதைக் களன் தரும். பிரட்டுக்களத்தில் ஒருவனை நாள்தோறும் கண்ட துரை, அவனையே இரத்தினபுரிக் கடைத்தெருவில் வெள்ளை வேட்டி உடுத்து நிற்கக் கண்டால் அறியாது கடந்துசெல்வதில் வியப்பில்லை. மாசி மாதத்துக் காமன் கூத்தில் மன்மதனாயும் இரதியாயும் அரிதாரம் பூசி நின்று லயத்தாரின் வணக்கத்தைப் பெற்ற தொழிலாளி, எரியூட்டு முடிந்த மறுநாட் காலை எண்ணாகி நிற்பான். முகம் ஒன்றே, களனே இரண்டு.

சூழல் ஆளை மட்டுமன்றி, முகக்குறிப்பின் பொருளையும் மாற்றுகின்றது. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் லெவ் குலெஷொவ் என்னும் உருசியத் திரைப்பட ஆசிரியர், நடிகர் ஒருவரின் உணர்ச்சியற்ற ஒரே முகப்படத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும், பிணப்பெட்டியோடும், பிறவற்றோடும் மாறிமாறி இணைத்துக் காட்டினார் என்பர். கண்டோர் அம்முகத்திற் பசியையும் துயரத்தையும் கண்டு நடிகரின் திறனைப் பாராட்டினராம். 2004இல் வெளிவந்த ஆய்வொன்றில் வியப்புற்ற முகங்களைக் காட்டுமுன், இவர் 500 டொலரைத் தொலைத்தார் என்றோ, கண்டெடுத்தார் என்றோ ஒரு வாக்கியம் காட்டப்பட்டது. தொலைத்தார் என்று படித்தவருடைய மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய பகுதி மிகுதியாக விழிப்புற்றது. முகம் மாறவில்லை, முன்வந்த வாக்கியமே மாறிற்று. தொழிலாளியைப் பற்றித் துரைக்கு முன்னதாகவே சொல்லப்பட்ட வாக்கியங்கள் எத்தனை என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். சோம்பேறி, கடனாளி, ஓடிப்போகின்றவன் என்னும் சொற்கள் காதில் விழுந்த பின்னரே அவர் அம்முகங்களை நிமிர்ந்து நோக்கினார்.

இவ்வாய்வுகளுள் சப்ரகமுவத்துக்கு மிக நெருங்கியது 2011இல் ஜொனதன் ஃபிரீமன் முதலியோர் அமெரிக்காவிற் செய்தது. வெள்ளையர் முகமும் கறுப்பர் முகமும் பல அளவிற் கலந்த படங்களை உருவாக்கி, சிலவற்றுக்கு அலுவலக உடையும் சிலவற்றுக்குத் துப்புரவுத் தொழிலாளர் உடையும் அணிவித்து, இவர் எவ்வினத்தவர் என வினவினர். உயர்ந்த உடை வெள்ளையர் என்ற எண்ணத்தையும், தாழ்ந்த உடை கறுப்பர் என்ற எண்ணத்தையும் தூண்டியது. முகம் ஐயத்துக்கு இடமாகும் அளவுக்கு உடையின் ஆட்சி மிகுந்தது. இனம் முகத்திற் காணப்படுவதாக எண்ணுவோர் உண்மையில் முகத்திற்குக் கீழே உள்ள சட்டையையும் காண்கின்றனர்.

இவ்வுண்மை அறியப்படாத காலத்தில் முகத்தை அளந்து இனத்தைக் காண முயன்றோர் பலர். பாசெல் நகரத்துச் சரசின் என்னும் இரு விஞ்ஞானிகள் 1883 தொடக்கம் 1886 வரை ஈழத்திற் சுற்றி, வேடர், சிங்களர், தமிழர் என்போரின் முகங்களைப் படம்பிடித்தும் மண்டையோடுகளை அளந்தும் பெருநூல் எழுதினர். இந்தியாவில் ரிஸ்லி மூக்கின் அகலத்தை நீளத்தோடு ஒப்பிட்டுச் சாதியின் உயர்வு தாழ்வைக் கணிக்கலாம் என்றார். சென்னை அருங்காட்சியகத்துத் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன் அளவுகோலைக் கையோடு கொண்டே திரிந்தார். இவர்தம் உழைப்பு பெரிது. முடிவுகளோ நிலைக்கவில்லை. தமிழர் முகமும் சிங்களர் முகமும் ஈராயிரம் ஆண்டுக் கலப்பினால் ஒன்றினுள் ஒன்று கரைந்து கிடப்பன. யட்டியாந்தோட்டைச் சந்தையில் நிற்கும் இரு மூதாட்டியருள் ஒருத்தியைத் தமிழர் என்றும் மற்றவளைச் சிங்களர் என்றும் காட்டுவன மூக்குத்தியும் பொட்டும் சேலையும் ஒருபுறம், கம்பாயமும் சட்டையும் மறுபுறம். மூக்கின் அளவு அன்று. முகம் பிரிக்காததை ஏடு பிரித்தது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலிருந்து தமிழர் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என இரு நிரல்களில் எழுதப்பட்டனர். அவ்விரு நிரலாரையும் முகங்கண்டு பிரிக்க எந்த மதிப்பீட்டாளராலும் இயலாது. லயத்திற் குடியிருப்பவர் என்பதே அவருக்குப் பெரும்பாலும் போதிய சான்றாயிருந்தது.

அந்நிரல் பின்னர் வாழ்வையே பிரித்தது. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மையர்த் தோட்டத்தை அரசு கிராம விரிவுக்கென எடுத்துக்கொண்டு, ஆங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறுமாறு பணித்தது. அவர் வெளியேற மறுத்தனர். தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தது. அயற்கிராமத்துச் சிங்கள ஏழைக்கு நிலமில்லை என்பது மெய். தோட்டத்துத் தமிழ் ஏழைக்கு வேறு வீடில்லை என்பதும் மெய். இரண்டு வறுமைகளையும் எதிரெதிரே நிறுத்திய பெருமை ஏட்டுக்கு உரியது.

1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், வம்சவழிப் பிரசையாவதற்குத் தான் இந்நாட்டிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது, தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும் என்றது. பிறப்புப் பதிவில்லாத லயத்துப் பிள்ளைக்குப் பாட்டனின் பிறப்பை யார் காட்டுவர்? 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளருக்கு விண்ணப்பிக்கும் வழியொன்றைத் திறந்தது. மணமானவர் 1946 சனவரி 1ஆம் தேதிக்கு முன் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்தமையை நிறுவுதல் வேண்டும். ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. வந்துபோன உறவினரையும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த கங்காணியின் கண் அலுவலகத்திற் சான்றாகவில்லை. தாளே சான்றாயிற்று.

இச்சட்டங்கள் அரசியலமைப்புக்கு ஒவ்வுமா என்னும் வழக்கும் சப்ரகமுவத்திலேயே எழுந்தது. கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லைத் தொகுதியின் 1950ஆம் ஆண்டு வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கொடக்கன் பிள்ளை என்னும் இந்திய வம்சாவளியினர் கோரினார். இதே தொகுதியே 1936இல் கலாநிதி என். எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பியது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இடாப்பைத் திருத்தும் அலுவலராயிருந்த சிவஞானசுந்தரம், 1951இல், பிரசாவுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் ஓர் இனத்தார்க்கு மட்டும் தடை விதிப்பன ஆதலின், சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை எனத் தீர்த்துப் பெயரைச் சேர்க்கப் பணித்தார். ஓர் அலுவலர் பாராளுமன்றத்தின் சட்டத்தைச் செல்லாது என்று கூறத் துணிந்தமை ஈழத்து நீதி வரலாற்றில் அரிய நிகழ்ச்சி. அவ்வாண்டிலேயே உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் மேன்முறையீட்டைத் தள்ளியது. ஒரு நாட்டின் குடிமக்கள் யாவர் என வரையறுத்தல் சட்டசபையின் இயல்பான பணி என்பது அதன் முடிபு. சட்டத்தின் வாசகத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. அதனால் எவரும் குறித்து ஒதுக்கப்படவில்லை என்று நீதிபதிகள் கொண்டனர். லயங்களின் நடுவே நின்று அவ்வாசகத்தைப் படித்தவர்க்கு அது யாரைக் குறித்தது என்பதில் ஐயமிருந்ததில்லை. வாக்கியத்தின் பொருளும் முகத்தின் பொருள்போல நிற்கும் இடத்தைப் பொறுத்ததாயிற்று.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை சரிபாதியாகப் பங்கிட்டது. ஒரே லயக்காம்பராவில் ஒரே முகச்சாயலுடைய அண்ணன் ஒரு நாட்டினனும் தம்பி மற்றொரு நாட்டினனும் ஆயினர். இதனை விரித்துரைத்தல் வேண்டா.

ஆயின் தெருவில் நின்ற கலகக்காரனுக்கு ஏடு பயன்படவில்லை. சப்ரகமுவத் தோட்டத் தமிழர் 1977இல் தாக்குண்டனர். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பகுதிகளில் லயங்கள் சூறையாடப்பட்டன. 1983 சூலையில் இரத்தினபுரி நகரமும் எரிந்தது. அக்கொடுமைகளுக்கு அஞ்சிப் பலர் தாம் கண்டிராத வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஏகினர். இக்காலத்துச் செய்திகளுட் பலராலும் கூறப்படுவது ஒன்றுண்டு: ஆளைத் தடுத்துநிறுத்திய கூட்டத்தார் வாளியொன்றைக் காட்டி அதன் சிங்களப் பெயரைச் சொல்லுமாறு கேட்டனர். 'பால்திய' என்று பிழையின்றிச் சொன்னவர் தப்பினார், நாப்பிறழ்ந்தவர் அகப்பட்டார். பொட்டு அழிக்கப்பட்டது, தாலி மறைக்கப்பட்டது, சேலை கட்டும் முறை மாற்றப்பட்டது. யூதரின் பழைய நூலில் 'ஷிபோலெத்' என்ற சொல்லை உச்சரிக்கச் செய்து பகைவரைப் பிரித்த கதையும் இத்தகையதே. முகம் இனத்தைக் காட்டுமாயின் வாளி எதற்கு? கொல்ல வந்தவனுக்கே முகத்தில் வேறுபாடு தெரியவில்லை என்பதைவிட ரிஸ்லியின் கொள்கைக்கு வலிய மறுப்பு எந்த ஆய்கூடத்திலும் எழுதப்படவில்லை. இரு மொழியும் அறிந்தமையால் தப்பியோர் சப்ரகமுவத்தில் உயர்மலையினும் மிகுதியாக இருந்திருத்தல் கூடும். கிராமத்தோடு பின்னிய வாழ்வு அவர்க்கு அத்துணையை அளித்தது. அதே பின்னல் தாக்க வருவோரையும் லயத்தின் வாயில்வரை எளிதிற் கொணர்ந்தது என்பதையும் மறத்தல் ஆகாது. பெயரும் குடும்பமும் அறிந்த அயலார் சிலர் தமிழரைத் தம் வீட்டில் மறைத்துக் காத்தமையும் அக்காலத்தில் நிகழ்ந்ததே. கலகக்காரன் கண்ட முகத்தையேதான் அவரும் கண்டனர்; அவர்க்கு அஃது அறிந்த முகம்.

இன்று ஆளறியும் கருவி ஆளடையாள அட்டை. 1968ஆம் ஆண்டு 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் வழங்கப்பட்ட அவ்வட்டையில் எண்ணும் உண்டு, முகப்படமும் உண்டு. தகர வில்லையும் முகமும் ஒரே தாளில் ஏறிவிட்டன. பிறப்புப் பத்திரம் இல்லாமையாலும் பிரசாவுரிமை ஐயத்தாலும் தோட்டத்தவர் பலர்க்கு அவ்வட்டை நெடுங்காலம் எட்டாதிருந்தது. போர்க்காலத்தில் சோதனைச் சாவடிதோறும் அட்டை கேட்கப்பட்டபோது இல்லாதவர் பட்ட பாடு பெரிது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 1964 அக்டோபர் 30 முதல் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டமும் அந்நிலையைப் பெரிதும் மாற்றின. ஆயினும் அட்டையிலுள்ள படத்தை எதிரே நிற்பவரோடு ஒப்புநோக்குபவர் முன்பின் அறியாத ஓர் அலுவலரே. 2014இல் ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டு அலுவலரைச் சோதித்த ஆய்வொன்றில், பிறர் படத்தைக் காட்டியவருள் நூற்றுக்குப் பதினால்வரை அவ்வலுவலர் உரியவரென்றே ஏற்றுக்கொண்டனர். பல்லாண்டுப் பயிற்சியும் அவர்க்கு உதவவில்லை. தோட்டப் பிரட்டுக்களத்தில் விடியலின் அரையிருளில் குரல் கேட்டே இன்னார் வரவில்லை என்று சொல்லக்கூடிய கணக்கப்பிள்ளைமார் இன்னும் இருக்கின்றனர்.